ஒரு புடவையை ஏற்றப் பதினொரு நிமிடம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சித்தி கணினி முன்னால் உட்கார்ந்து ஒரு கண்டாங்கிப் புடவையை எங்கள் இணையக் கடையில் ஏற்றிக்கொண்டிருந்தார். மயில்கழுத்து நிறம், அரக்குக் கரை. நான் பக்கத்தில் திறன்பேசியில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். படங்களைத் திறன்பேசியிலிருந்து கணினிக்கு மாற்றினார். ஒவ்வொன்றின் அளவையும் குறைத்தார். பெயர், விவரம், விலை அடித்தார். நிறப் பட்டியலில் மயில்கழுத்து இல்லை. நீலம் என்று போட மனம் வராமல் புதிதாக ஒரு நிறத்தைச் சேர்த்தார். எடை கேட்டது. நீளம், அகலம், உயரம் கேட்டது. கடைசியில் சேமிக்கும் பொத்தானை அழுத்தினார், அது சுற்றிக்கொண்டே இருந்தது. பதினொரு நிமிடம் ஆகியிருந்தது. அவருக்குப் பின்னால் கட்டிலில் இன்னும் 42 புடவைகள் இருந்தன.

"ஏம்மா, தேக்காவுல நின்னா இந்த நேரத்துல ரெண்டு பொடவை வித்திருப்பேனே," என்றார். சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரத்தைத்தான் தேக்கா என்கிறார்.

இது 2023 அக்டோபரில் நடந்தது. அந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவள் நான்தான். இரண்டு ஆண்டுகளாக அவர் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறார், என்னிடம் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அன்றைக்கு உட்கார்ந்து பார்த்திராவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

சித்தி சிங்கப்பூரின் ஈசூனில் தம் நான்கறை வீட்டின் சின்ன அறையிலிருந்து புடவை விற்கிறார். மதுரைச் சுங்குடி, காஞ்சிப் பருத்தி, எல்லாவற்றுக்கும் மேலாகச் செட்டிநாட்டுக் கண்டாங்கி. ஆண்டுக்கு இரண்டு முறை ஊருக்குப் போய் நெசவாளர் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து பொறுக்கி எடுப்பார். சரக்காக அனுப்பிவைப்பார், இங்கே பொருள் சேவை வரி கட்டி எடுப்போம். 2020 ஏப்ரலில் கிருமிப்பரவல் முறியடிப்பு நடவடிக்கை வந்து எல்லாரும் வீட்டோடு இருந்தபோது வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி விற்க ஆரம்பித்தார். ஆர்டர் கூடக்கூட, யார் கேட்டது, யார் பணம் அனுப்பியது என்று தேடுவதே வேலையாகிவிட்டது. அப்போதுதான் முறையாக ஒரு இணையக் கடை வைக்கலாம் என்று நான் இறங்கினேன். நான் சரக்கு நிறுவனம் ஒன்றில் கணக்குப் பார்க்கிறவள். எதையும் அட்டவணை போட்டுத்தான் எனக்கு யோசிக்க வரும்.

அட்டவணையில் மூன்று வகை இருந்தன. ஷாப்பி, லசாடா போன்ற சந்தைத் தளங்களில் கடை வைப்பது முதல் வகை: கூட்டம் அங்கேயே இருக்கும், ஆனால் வாங்கியவர் நம் வாடிக்கையாளராக நிலைப்பதில்லை, தரகும் உண்டு. ஷாப்பிஃபை போல மாத வாடகை கட்டிக் குடியிருப்பது இரண்டாவது. வழங்கி (சர்வர்), பாதுகாப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. வூகாமர்ஸ், மெஜெண்டோ போலத் திறந்த மூல மென்பொருளை நாமே நிறுவிக்கொள்வது மூன்றாவது. மென்பொருள் இலவசம், ஆனால் வழங்கி வாடகை, புதுப்பிப்பு, பழுது எல்லாம் நம் தலையில். 'இலவசம்' என்ற சொல் கணக்குக்காரிக்கு இனித்தது. மூன்றாவது வகையில் ஒன்றை எடுத்தேன். தனியாக வேலை செய்யும் ஒருவரைப் பிடித்து நிறுவச் சொன்னோம்.

என் அட்டவணையில் ஏறத்தாழ 40 அம்சங்களை ஒப்பிட்டிருந்தேன். தள்ளுபடிக் கூப்பன், விருப்பப் பட்டியல், விமர்சன நட்சத்திரம் எல்லாம் இருந்தன. ஒரு புடவையை ஏற்ற எத்தனை நிமிடம் ஆகும் என்ற கேள்வி அதில் இல்லை.

ஒரு செருப்புக் கடை ஒரு பக்கத்தை ஒருமுறை செய்து வைத்தால் அதே பக்கத்திலிருந்து இருநூறு ஜோடி விற்கலாம். எங்கள் கடையில் ஒவ்வொரு புடவையும் ஒன்றே ஒன்று. பக்கம் செய்து, விற்று, அத்தோடு அந்தப் பக்கத்தின் வேலை முடிந்துவிடும். அந்த முறை கட்டாக வந்த 43 புடவைக்கு 473 நிமிடம், கிட்டத்தட்ட எட்டு மணி நேரம். அந்த உழைப்பை அடுத்த கட்டு வந்ததும் மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். பெரும்பாலான மென்பொருள் செருப்புக் கடையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அதில் தப்பில்லை, எங்கள் கடை அப்படிப்பட்டதில்லை என்பதை நான் முதலில் எழுதிப் பார்த்திருக்க வேண்டும்.

அதனால் யாராவது என்னிடம் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்கிறேன். உங்கள் கடையில் தினமும் அதிகமுறை செய்யும் வேலை எது? கேக் செய்கிறவருக்கு அது டெலிவரித் தேதியைப் பிரிப்பதாக இருக்கும். மசாலாப் பொடி விற்கிறவருக்கு எடைவாரியாகப் பொட்டலம் கட்டுவதாக இருக்கும். எங்களுக்குப் பொருள் ஏற்றுவது. அந்த ஒரு வேலையில் மென்பொருள் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள்.

அதே மயில்கழுத்துக் கண்டாங்கிக்கு இன்னொரு கதை உண்டு. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும். சித்தி தேக்காவில் மேசை போட்டிருந்தார். வேலைநாளின் மாலை, நல்ல கூட்டம். அந்தப் புடவையை ஒரு பாட்டி கையில் எடுத்துப் பார்த்து, முந்தியை விரித்துத் தோளில் போட்டு, ரொக்கம் கொடுத்து வாங்கிப் போய்விட்டார். சித்திக்கு அடுத்த ஆளைக் கவனிக்கவே நேரம் சரியாக இருந்தது. இணையத்தில் அதன் எண்ணிக்கை ஒன்றிலேயே நின்றது. அரை மணி கழித்து செங்காங்கிலிருந்து ஒரு பெண் அதை வாங்கிப் பணமும் கட்டிவிட்டார். மறுநாள் காலையில் சித்தி அவரை அழைத்து விஷயத்தைச் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு என்று எடுத்தாராம். அம்மாவிடம் படத்தையும் காட்டிவிட்டாராம். பணத்தை உடனே திருப்பிவிட்டோம். அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஒற்றைப் பொருள் விற்கிறவர்கள் மென்பொருளிடம் கேட்க வேண்டிய கேள்வி இங்கே இருக்கிறது: எண்ணிக்கை எந்த நொடியில் குறைகிறது? கூடையில் போட்டதும் குறையும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. ஆர்டர் பதிவானதும் சிலவற்றில் குறையும், பணம் வந்ததும் சிலவற்றில் குறையும். பணம் கட்டாமல் விட்ட ஆர்டருக்காகப் பொருளை எத்தனை நிமிடம் ஒதுக்கி வைப்பது என்று நாமே குறிக்கும் வசதியும் சிலவற்றில் உண்டு. அப்புறம், நேரில் விற்பதும் இணையத்தில் விற்பதும் ஒரே கணக்கில் கழிய வேண்டும். இப்போது சித்தி மேசையில் விற்றாலும் திறன்பேசியில் அந்தப் புடவையைத் தட்டித்தான் ரசீது போடுகிறார். ஒரு தட்டு, அவ்வளவுதான்.

பணம் வாங்கும் விஷயத்தில் இன்னும் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். திறன்பேசி எண்ணுக்கே வங்கியிலிருந்து உடனே பணம் அனுப்பும் பேநவ் சிங்கப்பூரில் 2017 ஜூலையில் வந்தது, அடுத்த ஆண்டே நிறுவனங்களுக்கும் வந்துவிட்டது. எங்கள் வாடிக்கையாளரில் பெரும்பாலோர் அதில்தான் கட்ட விரும்புகிறார்கள். ஆனால் எங்கள் பழைய கடையில் அட்டை மட்டும்தான் தானாக வேலை செய்தது. பேநவ் என்றால் வாடிக்கையாளர் அனுப்பிவிட்டுத் திரைப்பிடிப்பை (ஸ்கிரீன்ஷாட்) வாட்ஸ்அப்பில் போடுவார், சித்தி வங்கிச் செயலியில் தேடிப் பொருத்துவார். தீபாவளி வாரத்தில் ஒரே நாளில் மூன்று பேர் 68 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அனுப்பினால் எது யாருடையது? ஒருமுறை பணம் கட்டாதவருக்குப் பார்சல் போய், கட்டியவர் காத்திருந்தார். ஒவ்வொரு ஆர்டருக்கும் தனி கியூஆர் குறியீடு உருவாகி, பணம் வந்ததும் அந்த ஆர்டரிலேயே பதிவாகிறதா என்று பாருங்கள். இது இல்லாத மென்பொருளை இந்த ஊரில் வைத்து நடத்துவது சிரமம்.

கட்டணத்தையும் உங்கள் சராசரி ஆர்டரில் வைத்துக் கணக்குப் போடுங்கள். நாங்கள் சேர்ந்தபோது அட்டைக்கு 3.4 விழுக்காடும் கூடவே 50 காசும் பிடித்தார்கள். 68 வெள்ளிப் புடவையில் அது 2 வெள்ளி 81 காசு. ஜாக்கெட் துணி மட்டும் 12 வெள்ளிக்கு வாங்குகிறவரிடம் 91 காசு போகிறது, ஏழரை விழுக்காட்டுக்கு மேல். அந்த 50 காசுதான் சின்ன ஆர்டரைத் தின்கிறது. பேநவுக்கு 1.3 விழுக்காடு, அதே 12 வெள்ளிக்கு 16 காசு. இதோடு, வாடகைத் தளங்களில் சில, அவர்களுடைய கட்டணச் சேவையை விட்டு வெளியில் ஒன்றைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு விற்பனைக்கும் தனியாக ஒரு விழுக்காடு கேட்கும். ஷாப்பிஃபையின் அடிப்படைத் திட்டத்தில் அது 2 விழுக்காடு. மாத வாடகை குறைவு என்று சேர்ந்துவிட்டு இதை அப்புறம் கண்டுபிடிக்கக் கூடாது. விலைகள் மாறும், ஆகவே சேரும் நாளில் நீங்களே பார்த்துக் கணக்குப் போட்டுவிடுங்கள்.

முகவரிப் படிவம். அமெரிக்காவை நினைத்துச் செய்த படிவத்தில் நகரம், மாநிலம் என்று இரண்டு கட்டாயக் கட்டங்கள் இருக்கும். இரண்டும் நமக்கு வேண்டாம். நமக்கு உயிர் போன்றது வீட்டு எண், அதாவது புளோக்கில் (அடுக்குமாடிக் கட்டடத்தில்) எத்தனையாவது மாடி, எந்த வீடு என்பது. படிவத்தில் அதற்கான இடம் 'முகவரி இரண்டாம் வரி' என்று போட்டு, விருப்பமிருந்தால் நிரப்பலாம் என்று இருந்தது. பாதிப் பேர் நிரப்பவில்லை. கூரியர்க்காரர் புளோக்கின் கீழே நின்று அழைப்பார், வாடிக்கையாளர் கூட்டத்தில் இருப்பார், பார்சல் திரும்பி வரும். இங்கே ஆறு இலக்க அஞ்சல் குறியீடு ஒன்றே புளோக்கைக் காட்டிவிடும், குறியீட்டை அடித்ததும் தெருப் பெயர் தானாக வந்துவிடும்படி செய்யலாம். வீட்டு எண்ணைக் கட்டாயமாக்கி, அந்தக் கட்டத்துக்கு நம் ஊர்ப் பெயரையே வைத்த பிறகு திரும்பி வரும் பார்சல் அநேகமாக நின்றுவிட்டது. படிவத்தின் கட்டங்களை நாமே மாற்ற முடியுமா, அதற்குக் கூடுதல் பணமா என்று முன்பே கேளுங்கள்.

தமிழ். நம்மில் பலர் இதைக் கடைசியில்தான் பார்க்கிறோம். புடவைப் பெயர்களைத் தமிழில் போட வேண்டும் என்பதில் சித்தி உறுதியாக இருந்தார். கண்டாங்கி என்று எழுதினால்தான் அது கண்டாங்கி என்பார். திரையில் நன்றாகத்தான் தெரிந்தது. ரசீது பிடிஎஃப்பாக வந்தபோது 'கொசுவம் வைத்தது' என்ற இடத்தில் கொம்பு தனியாக, ககரம் தனியாக, கால் தனியாக நின்றது. தமிழில் எகரக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் அடிக்கப்பட்டாலும் முன்னால் வந்து நிற்க வேண்டும். எழுத்துருவை மட்டும் வைத்துக்கொண்டு அந்த இடமாற்றத்தைச் செய்யத் தெரியாத நிரல்கள் இன்னும் இருக்கின்றன. அந்த ரசீதைப் பார்த்துத் தமிழாசிரியையான ஒரு வாடிக்கையாளர் வருத்தப்பட்டு எழுதினார். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

அடுத்தது இணைய முகவரி. பொருளின் பெயரைத் தமிழில் அடித்தால் மென்பொருள் அதையே பக்கத்தின் முகவரியாகவும் எடுத்துக்கொண்டது. முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் (எழுத்து, கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி) விழுக்காட்டுக் குறியோடு சேர்த்து ஒன்பது எழுத்தாக விரியும். அந்த மென்பொருள் முகவரிக்கு 200 எழுத்துதான் இடம் வைத்திருந்தது. 22 குறிகளோடு வெட்டிவிடும். 'செட்டிநாட்டுக் கண்டாங்கிப் புடவை' என்று தொடங்கும் பெயர்கள் எல்லாம் ஒரே இடத்தில் வெட்டுப்பட்டு, ஒன்றுக்கொன்று அடையாளம் தெரியாமல் போயின. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் திரை முழுக்க விழுக்காட்டுக் குறிகள், அதைப் பார்த்துவிட்டு மோசடி இணைப்பு என்று ஒருவர் நினைத்துவிட்டார். இப்போது பெயர் தமிழில், முகவரி மட்டும் ரோமன் எழுத்தில் kandangi-214 என்பது போலச் சுருக்கமாக.

தேடலையும் சோதியுங்கள். சுங்குடியைத் தமிழில் அடிப்பவர் உண்டு. ரோமன் எழுத்தில் ஸகரம் போட்டு அடிப்பவரும், சகரம் போட்டு அடிப்பவரும் உண்டு. மூவருக்கும் அதே புடவை வர வேண்டும். எங்கள் தளத்தில் குறிச்சொல்லாக மூன்று எழுத்துக்கூட்டலையும் சேர்த்துச் சரிசெய்தோம்.

வரியில் பட்டது ஒன்று. ஆண்டு வருவாய் பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான் பொருள் சேவை வரிக்குக் கட்டாயமாகப் பதிய வேண்டும். நாங்கள் அதன் பக்கத்தில்கூட இல்லை. பதியாதவர் வாடிக்கையாளரிடம் அந்த வரியை வசூலிக்கக் கூடாது. 2023 ஜனவரியில் வரி 7 விழுக்காட்டிலிருந்து 8 ஆனபோது எங்கள் தளத்தில் ஒரு புதுப்பிப்பு வந்தது. அது தானாகவே சிங்கப்பூர் முகவரிகளுக்கு 8 விழுக்காட்டைச் சேர்க்கத் தொடங்கிவிட்டது. ஐந்து பேரிடம் வாங்கிய பிறகுதான் கவனித்தேன், அன்றே திருப்பிக் கொடுத்தேன். வரி அமைப்பு முழுவதையும் அணைத்து வைக்க முடிகிறதா, யாரும் தொடாமல் அது திரும்ப எழுந்துகொள்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அரசாங்கத்தின் உற்பத்தித்திறன் தீர்வுகள் மானியம் பற்றியும் கேட்கிறார்கள். முன்கூட்டியே அங்கீகரிக்கப்பட்ட இணைய வர்த்தகத் தீர்வுகளுக்குச் செலவில் பாதிவரை கிடைக்கும். விண்ணப்பிப்பதற்கு முன்பே விற்பனையாளரிடம் முன்பணம் கொடுத்துவிட்டால் கிடைக்காது. நான் ஆர்வத்தில் முதலிலேயே கொடுத்திருந்தேன். அப்புறம் பட்டியலைப் பார்த்தபோது அந்தத் தொகுப்புகள் எங்கள் அளவுக்குப் பெரியவையாகவும் தெரிந்தன. வேண்டாத ஒன்றைப் பாதி விலைக்கு வாங்குவது லாபமில்லை.

சரி, இரண்டாவது முறை எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்று சொல்கிறேன். 2024 தொடக்கத்தில் நான்கு மென்பொருள்களில் இலவசச் சோதனைக் கணக்கு திறந்தோம். ஒவ்வொன்றிலும் அதே பத்துப் புடவைகள். ஏற்றியவர் சித்தி, நான் வாயைத் திறக்கவில்லை. கணினி கிடையாது, திறன்பேசி மட்டும். ஒன்றில் படம் எடுத்த கையோடு அதே செயலியில் விவரம் நிரப்ப முடிந்தது. முந்தைய புடவையை நகலெடுத்து, படத்தையும் நிறத்தையும் மட்டும் மாற்றினால் போதும். எடையும் எண்ணிக்கையும் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். பத்தாவது புடவைக்கு வந்தபோது இரண்டரை நிமிடம் ஆனது. சித்தி திறன்பேசியைக் கீழே வைத்துவிட்டு, "இது போதும்," என்றார். பிறகு நான் என் பங்குக்கு ஒரு ஆர்டரைத் தொடக்கம் முதல் முடிவு வரை நடத்தினேன். தோழி ஒருத்தியை வாங்கச் சொன்னேன், பேநவில் கட்டச் சொன்னேன், பார்சல் அனுப்பினேன், பாதிப் பணம் திருப்பினேன், ரசீதைத் தமிழில் அச்சடித்தேன், மாதக் கணக்கை இறக்கிப் பார்த்தேன்.

மாறும் வேலைதான் வலித்தது. பழைய தளத்திலிருந்து வாடிக்கையாளர் பட்டியலையும் பொருள் பட்டியலையும் சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணை) இறக்கினேன். எக்செலில் நேராகத் திறந்ததும் தமிழ் முழுவதும் வாய்க்கு வராத லத்தீன் எழுத்துகளாகிவிட்டது, நகர மையத்து முகவரிகளில் அஞ்சல் குறியீட்டின் முன்னால் இருந்த சுழியும் போய்விட்டது. அப்படியே சேமித்திருந்தால் எல்லாம் அழிந்திருக்கும். கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், எக்செலுக்குள்ளிருந்து தரவாக இறக்குமதி செய்து, எழுத்துக் குறியாக்கம் யுடிஎஃப்-8 என்று குறித்து, அஞ்சல் குறியீட்டுப் பத்தியை எழுத்தாக எடுத்துக்கொள்ளச் சொன்னால் சரியாக வரும். வாட்ஸ்அப்பில் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அனுப்பிய பழைய இணைப்புகள் எல்லாம் புதிய கடைக்குத் திரும்பும்படி ஒவ்வொன்றாகத் திசைதிருப்பவும் வேண்டியிருந்தது. எனக்கு இரண்டு வார இறுதிகள் போயின. இதனால்தான் இப்போது சேர்வதற்கு முன்பே வெளியே வரும் வழியைப் பார்க்கச் சொல்கிறேன். சோதனைக் காலத்திலேயே ஐந்து பொருளை ஏற்றி, இறக்கி, இன்னொரு மென்பொருளில் ஏற்றிப் பாருங்கள். வாங்கியவர் பெயரும் ஆர்டர் வரலாறும் முழுதாக வெளியே வருகிறதா என்று பாருங்கள்.

கடைசியில் எதை எடுத்தீர்கள் என்று எல்லாரும் கேட்கிறார்கள். பெயரைச் சொன்னால் மற்றதைக் கேட்காமல் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள், அதனால் சொல்வதில்லை. உங்கள் சித்தி யாரோ, அவரை உட்கார வைத்து ஏற்றச் சொல்லிப் பாருங்கள்.

போன முறை ஊருக்குப் போனபோது சித்தி நெசவாளர் வீட்டுத் திண்ணையிலேயே புடவைகளை விரித்துப் படமெடுத்து, முன்பதிவு என்று குறித்து, அங்கிருந்தே ஏற்றியிருக்கிறார். கட்டு கட்டி முடிப்பதற்குள் பொங்கோலிலிருந்து ஒருவர் மாம்பழ மஞ்சளை வாங்கிவிட்டார். திறன்பேசி சத்தம் கேட்டு நெசவாளரின் மனைவி எட்டிப் பார்த்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும், அந்தப் புடவையைக் கட்டிலிருந்து உருவி எடுத்து, மடிப்பைப் பிரித்து, கரையில் தொங்கிய ஒரு நூலை நறுக்கிவிட்டு, மறுபடி மடித்துத் தனியாக வைத்தாராம்.